38 ஸ்டூடியோஸ்: ஆறே ஆண்டில் மூடிய கேம் நிறுவனம் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாலை வகுப்பு ஒன்றில் 3டி மாடலிங்கும் கேம் வடிவமைப்பும் கற்றுக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு நாள் முழுவதையும் 38 ஸ்டூடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதைக்கு ஒதுக்குவேன். அன்று மாணவர்கள் கேட்பதையே மறுநாள் அவர்களுடைய பெற்றோர் போனில் கேட்கிறார்கள். அதனால் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

சார், 38 ஸ்டூடியோஸ் என்றால் என்ன? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே?

2006இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்ட் என்ற சிறு ஊரில் தொடங்கப்பட்ட வீடியோ கேம் நிறுவனம் அது. 2012 மே மாதம் ஒரே நாளில் எல்லா ஊழியர்களையும் வேலையிலிருந்து நீக்கியது. ஜூன் 7 அன்று திவால் மனு கொடுத்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மஞ்சள் கடுதாசி. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் வெளிவந்தது ஒரே ஒரு கேம்.

மூடிய கேம் நிறுவனங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்த நிறுவனத்துக்கு ஒரு மாநில அரசு பொறுப்பேற்றுக் கடன் வாங்கிக் கொடுத்தது. அதனால் வழக்குகள் வந்தன, கணக்குகள் பொதுவெளிக்கு வந்தன. ஒரு ஸ்டூடியோ உள்ளுக்குள் எப்படிச் சரிகிறது என்பதைத் தேதிவாரியாகப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே கிடைக்கும்.

பெயரில் 38 எதற்கு? 38 பேர் சேர்ந்து தொடங்கினார்களா?

இல்லை. அது நிறுவனர் கர்ட் ஷில்லிங்கின் சட்டை எண். அவர் பேஸ்பால் விளையாட்டில் பந்து எறியும் வீரர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 86 ஆண்டுகள் காத்திருந்து 2004இல் கோப்பை வென்றபோது, கணுக்காலில் தையல் போட்டு, காலுறையில் இரத்தம் கசியக் கசியப் பந்து எறிந்தவர். அந்தக் காலுறை மறுபடியும் இந்தக் கதையில் வரும்.

முதலில் வைத்த பெயர் கிரீன் மான்ஸ்டர் கேம்ஸ். பாஸ்டன் மைதானத்தில் இருக்கும் 37 அடி உயரப் பச்சைச் சுவரை அங்குள்ளவர்கள் அப்படி அழைப்பார்கள். 2007இல் பெயர் 38 ஸ்டூடியோஸ் ஆனது.

பந்து எறிகிறவருக்குக் கம்ப்யூட்டர் கேம் கம்பெனி எதற்கு?

அவர் உண்மையிலேயே விளையாடுகிறவர். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது ஹோட்டல் அறையில் எவர்குவெஸ்ட் போன்ற ஆன்லைன் கேம்களில் மூழ்கிக் கிடந்தவர். தன் சேமிப்பிலிருந்து சுமார் 5 கோடி டாலரை இந்த நிறுவனத்தில் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஊரார் பணத்தில் மட்டும் விளையாடியவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. ஆசை நிஜம். திறமையானவர்களையும் அழைத்து வந்தார்: கற்பனை நாவல்கள் எழுதும் ஆர்.ஏ.சால்வடோர் கேம் நடக்கும் கற்பனை உலகத்துக்குப் பத்தாயிரம் ஆண்டு வரலாறு எழுதினார்; ஸ்பான் காமிக்ஸைப் படைத்த டாட் மெக்ஃபார்லேன் ஓவியப் பக்கத்தைக் கவனித்தார்.

அவரிடம் இல்லாதது ஒரு கேமைத் தொடங்கி முடித்துக் கடைக்கு அனுப்பிய அனுபவம். முதல் முயற்சியிலேயே அவர் எடுத்துக்கொண்டதோ இந்தத் துறையில் இருப்பதிலேயே கடினமான வகை.

அவர்கள் செய்த கேம்கள் எவை?

இரண்டு. ஒன்று வெளிவந்தது, ஒன்று வரவில்லை. வராதது கோப்பர்னிக்கஸ் என்ற உள்பெயரில் மாசசூசெட்ஸில் உருவான மாபெரும் ஆன்லைன் கேம். ஷில்லிங்கின் கனவு அதுதான். வெளிவந்தது கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங், ஒருவர் தனியாக விளையாடும் சாகச கேம், 2012 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவில் வெளியானது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது.

அமலூரைச் செய்தவர்கள் வேறொரு மாநிலத்தில் இருந்தார்கள். மேரிலாந்தில் பிக் ஹியூஜ் கேம்ஸ் என்றொரு ஸ்டூடியோ. 2003இல் ரைஸ் ஆஃப் நேஷன்ஸ் செய்து பெயர் பெற்றது. அதை 2009இல் 38 ஸ்டூடியோஸ் வாங்கியது. அங்கே ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்த கேமை சால்வடோரின் கற்பனை உலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். மோரோவிண்ட், ஆப்லிவியன் ஆகிய கேம்களை வடிவமைத்த கென் ரோல்ஸ்டன் அந்த அணியில் இருந்தார். ஆக, நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றிய ஒரே கேம், அந்த நிறுவனம் பிறந்த அலுவலகத்தில் உருவானதல்ல.

அமலூர் 12 லட்சம் பிரதி விற்றது என்கிறீர்கள். பிறகு எப்படி அண்ணா நஷ்டம்?

குளச்சலிலிருந்து வந்த மாணவர் கேட்டது. அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். தரகரிடம் முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போன படகு, மீனோடு கரைக்கு வந்ததும் முதலில் யார் கணக்கு நேராகும்? தரகருடையது. கேம் துறையில் வெளியீட்டாளர் அந்த இடத்தில் இருக்கிறார். செய்யும் காலத்தில் முன்பணம் கொடுப்பார். விற்பனை தொடங்கியதும் அதைக் கழித்துக்கொண்ட பிறகே ஸ்டூடியோவுக்குப் பங்கு.

முதல் 90 நாளில் 12 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. புதிய பெயரில் வந்த கேமுக்கு அது நல்ல விற்பனை. விமர்சகர்களும், குறிப்பாக அதன் சண்டை முறையை, பாராட்டினார்கள். ஆனால் போட்ட பணம் திரும்ப 30 லட்சம் பிரதி விற்க வேண்டும் என்று, கடனுக்குப் பொறுப்பேற்ற ரோட் ஐலண்ட் மாநிலத்தின் அப்போதைய ஆளுநர் லிங்கன் சேஃபி சொன்னார். எனவே, “கேம் தோற்றது, கம்பெனி மூடியது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேம் ஓடியது. அது சம்பாதித்துத் தருவதற்குள் அடுத்த மாதச் சம்பள நாள் வந்துவிட்டது.

ஆன்லைன் கேம் மட்டும் ஏன் அவ்வளவு பணம் தின்னும்?

குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை உரம், களையெடுப்பு, கூலி எல்லாம் கைப்பணம். ஆன்லைன் கேமும் அப்படித்தான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடமாடும் உலகம் முழுதாகத் தயாராக வேண்டும்; சர்வர் வேண்டும்; திறந்த நாள் முதல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பாதி முடித்து விற்க முடியாது.

நம் விவசாயிகள் ரப்பர் கன்றுகளுக்கு இடையே வாழையோ அன்னாசியோ போட்டு முதல் சில ஆண்டுகளை ஓட்டுகிறார்கள். அமலூர் அந்த ஊடுபயிர். ஆனால் நட்டு ஆறாவது ஆண்டில்தான் ஊடுபயிரே விளைச்சலுக்கு வந்தது. அதன் முதல் பங்கும் வேறொருவருக்கு.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு கேம் ஊழியருக்குச் சம்பளம், வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 10,000 டாலர் என்று அந்நாளில் துறையில் தோராயமாகக் கணக்கிட்டார்கள். மூடும்போது இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து இருந்தவர்கள் 379 பேர். மாதம் ஏறத்தாழ 38 லட்சம் டாலர்! 5 கோடி டாலர் கையில் இருந்தாலும் பதின்மூன்று மாதம் தாங்கும்.

ஒரு அரசாங்கம் போய் கேம் கம்பெனிக்கு ஏன் கடன் கொடுத்தது?

கொடுத்தது ரோட் ஐலண்ட். அமெரிக்காவிலேயே பரப்பில் மிகச் சிறிய மாநிலம். 2010இல் அதன் மக்கள்தொகை சுமார் 10.5 லட்சம், நம் குமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர். நம்மைவிட மக்கள் குறைந்த ஒரு மாநிலம் 7.5 கோடி டாலருக்குப் பொறுப்பேற்றது என்று நினைத்துப் பாருங்கள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 350 கோடி ரூபாய். தலைக்கு 71 டாலர்.

காரணம் வேலையின்மை. அப்போது அங்கே நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் வேலையில்லை. நம் பிள்ளைகள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலேறுவதுபோல, அந்த மாநிலத்துப் பிள்ளைகள் பாஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2010 மார்ச்சில் அப்போதைய ஆளுநர் டொனால்ட் கார்சியேரி ஒரு நிகழ்ச்சியில் ஷில்லிங்கைச் சந்தித்தார். அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போலத் தேர்தலில் வென்று ஆட்சி நடத்துபவர். ஜூலையில் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் ஒப்புதல் கொடுத்தது. நிபந்தனை: அலுவலகம் தலைநகர் பிராவிடென்சுக்கு வர வேண்டும், 2012 முடிவதற்குள் 450 வேலைகள் உருவாக வேண்டும். 2011இல் நிறுவனம் அங்கே குடிபெயர்ந்தது.

அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்தில் அப்படியொரு அலுவலகம் வருகிறது என்றால் நானும் மாலை வாங்கத் தோவாளைக்குப் போயிருப்பேன். ஆனால் 7.5 கோடியையும் ஒரே நிறுவனத்தில், அதுவும் இன்னும் ஒரு கேம்கூட வெளியிடாத நிறுவனத்தில் போட்டது பெரும் பிழை.

7.5 கோடியும் அவர்கள் கைக்கு வந்ததா?

வரவில்லை. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு மகிழ்ச்சி. கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய தொகையில் செலவுகளும், வட்டிக்கும் காப்புக்கும் ஒதுக்கியதும் போக, நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடியது 5 கோடி. கேமை முடிக்கத் தேவையோ குறைந்தது 7.5 கோடி. 2.5 கோடி குறைகிறது என்பது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தும், கடன் பத்திரம் வாங்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2016இல் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் மீதும், பத்திரங்களை விற்றுக்கொடுத்த வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் மீதும் வழக்குத் தொடர்ந்தது. அவை இரண்டும் பின்னர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டன.

வீடு கட்ட 30 லட்சம் வேண்டும், வங்கி 20 லட்சம்தான் தரும் என்று தெரிந்த பிறகும் அஸ்திவாரம் தோண்டுவது போன்றது இது. மீதிப் பத்து லட்சம் வரும் என்ற நம்பிக்கையில்தான் சுவர் எழும்புகிறது.

நிலைமை கெட்டது வெளியே எப்படித் தெரிந்தது?

எல்லாம் 2012 மே மாதம் ஒன்றில் நடந்தது. 1ஆம் தேதி மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய 11.25 லட்சம் டாலர் கட்டப்படவில்லை. 14ஆம் தேதி, கார்சியேரிக்குப் பிறகு ஆளுநரான சேஃபி, நிறுவனத்தைத் தாங்கிப் பிடிக்க முயல்கிறோம் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். 15ஆம் தேதி சம்பளம் வரவில்லை. 17ஆம் தேதி அரசுக்கு ஒரு காசோலை போனது. கணக்கில் பணமில்லை என்று நிறுவனமே சொல்லித் திரும்ப வாங்கியது. 18ஆம் தேதி எப்படியோ புரட்டிக் கட்டினார்கள். 24ஆம் தேதி எல்லோருக்கும் வேலை போனது, மின்னஞ்சலில்.

திவால் மனுவில் காட்டிய கடன் 15 கோடி டாலருக்கு மேல். சொத்து 2.17 கோடி.

வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

நான் இந்தக் கதையைச் சொல்வதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது பல ஊழியர்களுக்கு மேலே சொன்ன 14ஆம் தேதிச் செய்தியைப் பார்த்த பிறகே தெரிந்தது. சம்பளம் வராத பிறகும் பலர் வேலைக்கு வந்தார்கள். கேமை முடித்துவிட வேண்டும் என்ற பாசம்! வேலை போனபோது மருத்துவக் காப்பீடும் நின்றது. மாசசூசெட்ஸிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பழைய வீடுகள் விற்காவிட்டால் பொறுப்பேற்பதாக நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. நிறுவனம் சரிந்ததும், விற்றுவிட்டதாக நினைத்த வீட்டின் கடன் சிலர் தலையில் மறுபடியும் ஏறியது.

நிலுவைச் சம்பளத்தில் ஒரு பங்கு வந்து சேர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2021இல் கிடைத்தது, பாக்கியில் 14 முதல் 20 சதவீதம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் ஒருமுறை இப்படி நடந்தது, பெயர் வேண்டாம். “அடுத்த வாரம் வந்துவிடும்” என்று மூன்று மாதம் கேட்டேன். பணம் வராததைக்கூட மறந்துவிட்டேன். முதல் வாரத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வேலை தேடியிருப்பேன், தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன் என்பதை மறக்க முடியவில்லை. முதலாளிக்கு நஷ்டம் வரலாம். அதை ஊழியரிடம் மறைக்க அவருக்கு உரிமை கிடையாது. ஷில்லிங் மீது எனக்குள்ள வருத்தம் அவர் கனவு கண்டதற்காக அல்ல, இதற்காக மட்டும்தான்.

ஆளுநர் வெளிப்படையாகப் பேசியதால்தான் முதலீட்டாளர்கள் ஓடினார்கள் என்கிறார்களே?

ஷில்லிங் அப்படித்தான் சொல்கிறார். சேஃபி 2010 தேர்தலின்போதே இந்தக் கடனை எதிர்த்தவர். பதவிக்கு வந்தபின் நிறுவனத்துக்கு மேலும் சலுகை கொடுக்கத் தயங்கினார். அவர் வாயைத் திறந்ததும் பேச்சுவார்த்தையில் இருந்தவர்கள் பின்வாங்கியிருக்கலாம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். தவணை தவறியது 1ஆம் தேதி, அவர் பேசியது 14ஆம் தேதி. பதின்மூன்று நாள் முன்னதாகவே பெட்டி காலி. தவிர, கோப்பர்னிக்கஸும் முடியும் நிலையில் இல்லை. அதன் விளையாட்டு இன்னும் சுவையாக வரவில்லை என்று ஷில்லிங்கே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் ஷில்லிங் ஏமாற்றினாரா? ஜெயிலுக்குப் போனாரா?

இல்லை. மாநிலக் காவல்துறை நெடுநாள் விசாரித்தது. 2016 ஜூலையில், குற்ற வழக்குக்கு இடமில்லை என்று அறிவித்தார்கள். மாநிலம் தொடுத்த உரிமையியல் வழக்கில் ஷில்லிங் உள்ளிட்ட நால்வர் 25 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். அதைக் காப்பீடு கட்டியது. அவர் தன் பணத்தையும் இழந்தார். முன்னே சொன்ன இரத்தக் காலுறை 2013இல் ஏலத்தில் 92,000 டாலருக்கு மேல் போனது.

வரி கட்டிய மக்களுக்குப் பணம் திரும்பியதா?

ஓரளவு. வழக்குச் சமரசங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 6.1 கோடி டாலர் வந்தது. கடன் பத்திரத்தை வட்டியோடு அடைக்க அது போதவில்லை. மீதியை மாநில வரவு செலவிலிருந்து கட்டினார்கள்.

அமலூரை இப்போது விளையாட முடியுமா?

முடியும். உரிமையை 2018இல் வியன்னாவைச் சேர்ந்த டிஎச்கியூ நார்டிக் வாங்கி, 2020 செப்டம்பரில் ரீ-ரெக்கனிங் என்று புதுப்பித்து வெளியிட்டது. 2021 டிசம்பரில் ஃபேட்ஸ்வார்ன் என்ற கூடுதல் கதையும் வந்தது. கோப்பர்னிக்கஸ் வரவே இல்லை. அந்த நகரங்களைச் சுற்றிக் காட்டும் காணொளி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாணவர்களுக்கு நான் அதைப் போட்டுக் காட்டுவேன். அந்தக் கோபுரங்களைச் செதுக்கியவர்கள் தேர்ந்த கலைஞர்கள்.

மேரிலாந்து அணி வேறு வேலைக்குப் போய்விட்டதா?

அவர்களில் பலரை எபிக் கேம்ஸ் எடுத்துக்கொண்டு, 2012 ஆகஸ்டில் இம்பாசிபிள் ஸ்டூடியோஸ் என்று புதிய ஸ்டூடியோ தொடங்கியது. அது இன்னும் குறைந்த ஆயுள்: 2013 பிப்ரவரியில் மூடினார்கள். ஆனால் மூடிய விதத்தைக் கவனியுங்கள். மூன்று மாதச் சம்பளம் கொடுத்தார்கள்; விரும்பினால் அந்தப் பெயரிலும் முத்திரையிலும் சொந்த நிறுவனம் தொடங்கலாம் என்றார்கள். ஒரே அணி ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு முறை வேலை இழந்தது; இரண்டாவது முறை கையில் ஏதோ இருந்தது.

நாங்கள் நான்கு நண்பர்கள் மார்த்தாண்டத்தில் ஸ்டூடியோ தொடங்கப்போகிறோம். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கச் சம்மதித்துவிட்டார். வைக்கலாமா?

வேண்டாம். முதல் கேமுக்கு வேண்டாம். நான்கு பேர் மாலை நேரத்தில் செய்து நான்கு மாதத்தில் முடிக்கக்கூடிய சிறிய கேம் ஒன்றை முதலில் வெளியிடுங்கள். விற்காவிட்டாலும் முடித்த அனுபவம் கையில் இருக்கும். ஷில்லிங்கிடம் இல்லாதது எது என்று மூன்றாவது பதிலில் சொல்லியிருக்கிறேன்.

வெளி ஆளை வேலைக்கு எடுத்தால், அவருடைய மூன்று மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு எடுங்கள். அது தொடப்படும் நாளில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மகளுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கேம் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

தக்கலையிலிருந்து ஓர் அம்மா கேட்டார். சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே உமங் செயலியில் பிஎஃப் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். சம்பளம் நிற்பதற்கு முன்பே பல இடங்களில் அங்கேதான் முதலில் பாக்கி விழும். கம்பெனிக் காப்பீட்டை மட்டும் நம்பாமல் சிறிய தனிக் காப்பீடு ஒன்று எடுத்து வையுங்கள். நேர்முகத்தில் மகள் தயங்காமல் கேட்கட்டும்: இதுவரை எந்த கேமை வெளியிட்டிருக்கிறீர்கள், இப்போது செய்வது யாருடைய பணத்தில், அது எந்த மாதம் வரை வரும். கோபப்படாமல் பதில் சொன்னால் சேரலாம்.